தைராய்டு மாத்திரை போட்டும் களைப்பு போகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குத் தைராய்டு குறைவு என்று தெரிந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து சொந்தத்திலும் நட்பிலும் யாருக்காவது இது வந்தால் முதலில் எனக்குத்தான் போன் வருகிறது. கேட்கும் ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதிலும் மாத்திரை தொடங்கிய முதல் ஆறு மாதத்தில், அளவு கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும் காலத்தில், எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த அளவு மாத்திரை என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் தெளிவாகப் பேச இது உதவினால் எனக்குப் போதும்.

"தைராய்டு கம்மின்னு சொல்லிட்டாங்க. அப்படின்னா உடம்புக்குள்ள என்ன ஆகுது?"

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் சுரக்கும் டி4, டி3 என்ற ஹார்மோன்கள்தான் உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. சுரப்பு குறைந்தால் எல்லாமே மந்தமாகிவிடும். நாடி மெதுவாகும், குடல் மெதுவாக நகரும், தோல் வறண்டுபோகும், குளிர் தாங்காது, நாக்கு நுனியில் இருக்கும் பெயர் வாயில் வராது. களைப்பு, மலச்சிக்கல், மாதவிடாயில் அதிகப் போக்கு, குரல் கம்முவது, விரல் மரத்துப்போவது, மனம் சோர்ந்துபோவது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதது போலத் தெரியும் தொல்லைகளுக்கு ஒரே வேர் இருப்பது இதனால்தான்.

உணவில் அயோடின் போதுமான அளவு கிடைப்பவர்களுக்கு இது பெரும்பாலும் ஹாஷிமோட்டோ நோயால் வருகிறது. நம் நோய் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவதுதான் அந்த நோய். 1912-இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோவின் பெயரால் அழைக்கப்படுகிறது. தைராய்டு அறுவை சிகிச்சை, கதிரியக்க அயோடின் சிகிச்சை, லித்தியம், அமியோடரோன் போன்ற மருந்துகளும் காரணமாக இருக்கலாம்.

"தைராய்டு கம்மிங்கிறாங்க, ரிப்போர்ட்ல டி.எஸ்.எச். ஜாஸ்தின்னு இருக்கே?"

இரண்டும் சரிதான். டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், அது தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை அனுப்புகிறது. தைராய்டைக் கூப்பிடும் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டதும் பதில் வந்தால் மெல்லிய குரலே போதும். பதில் வராவிட்டால் குரல் ஓங்கும். பெரும்பாலான ஆய்வகங்கள் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை நார்மல் என்று போடுகின்றன. வயது கூடக் கூட மேல் எல்லையும் சற்று உயரும்.

இந்தக் குரல் கொஞ்சத்துக்கே பெரிதாக ஓங்கிவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தத்தில் டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். நூறு மடங்கு வரைகூட ஏறலாம். அதனால் 40 என்று வந்தவருக்கு, 20 என்று வந்தவரைவிட இரு மடங்கு நோய் என்று அர்த்தம் இல்லை. எண்ணைப் பார்த்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு. பழுது பிட்யூட்டரியிலேயே இருந்தால் டி.எஸ்.எச். எண்ணை நம்ப முடியாது. அவர்களுக்கு டி4-ஐப் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்கள்.

"மாத்திரை ஆரம்பிச்சு பத்து நாளாச்சு. ஒரு மாற்றமும் தெரியலையே?"

தெரியாமல் இருப்பதுதான் வழக்கம். நீங்கள் போடும் லெவோதைராக்ஸின், தைராய்டு சுரக்கும் அதே டி4-தான். அது உடம்பிலிருந்து பாதி வெளியேறவே சுமார் 7 நாள் ஆகும். ஒரு தொட்டியில் மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது, அடியில் கசிந்துகொண்டும் இருக்கிறது என்றால் மட்டம் ஓரிடத்தில் நிலைக்க நேரம் எடுக்கும் இல்லையா? அதேபோல ரத்தத்தில் டி4 ஒரு நிலைக்கு வர 5 முதல் 6 வாரம் ஆகிறது. பிட்யூட்டரி அதை உணர்ந்து குரலைத் தாழ்த்துவதும் அதற்கு இணையாக மெதுவாகத்தான் நடக்கும்.

அதனால்தான் ஒவ்வொரு முறை அளவு மாற்றிய பிறகும் 6 முதல் 8 வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். பொறுக்க முடியாமல் மூன்றாவது வாரமே போய் எடுத்தால் பாதி வழியில் இருக்கும் எண்தான் கிடைக்கும். அதை வைத்து அளவை மாற்றினால் அடுத்த முறை எதிர்ப்பக்கம் போய் நிற்கும்.

தொடக்க அளவு ஆளுக்கு ஆள் மாறும். சுரப்பி அறவே வேலை செய்யாதவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 60 கிலோ என்றால் ஏறக்குறைய 100. ஆனால் வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு 100, எனக்கு ஏன் 25 என்று கேட்பதில் பொருள் இல்லை.

"எது முதல்ல சரியாகும், எது கடைசியில சரியாகும்?"

என் அனுபவத்திலும் நான் பார்த்தவர்களிடமும் வரிசை ஓரளவு ஒரே மாதிரிதான் இருந்தது. முகத்தின் உப்பலும் மலச்சிக்கலும் முதலில் குறையும். இரண்டு மூன்று வாரத்தில் காலையில் எழுந்திருப்பது கொஞ்சம் லேசாகும். குளிர் தாங்காமை, தசைப்பிடிப்பு, மறதி இவற்றுக்கு இன்னும் சில வாரங்கள். தோலும் முடியும் கடைசி. மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். உயர்ந்திருந்த கொலஸ்ட்ரால் குறையவும் சில மாதங்கள் தேவை.

டி.எஸ்.எச். நார்மல் என்று ரிப்போர்ட் வரும் நாளும், உடம்பு நார்மல் என்று நீங்கள் உணரும் நாளும் ஒன்றாக இருக்காது. பல மாதம் பட்டினி கிடந்த திசுக்கள் தேற அவகாசம் வேண்டும். அந்த இடைவெளியில் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

"மாத்திரையை எப்படிப் போடணும்? காபிகூடப் போட்டா என்ன?"

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அப்புறம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறு எதுவும் வேண்டாம். காபி, பால், சோயா, நார்ச்சத்து மிகுந்த உணவு எல்லாமே மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். முழு அளவையும் உறிஞ்சாத நாளில் நீங்கள் போட்டது 75 என்றாலும் உடம்புக்குப் போய்ச் சேர்ந்தது 75 இல்லை.

தினமும் ஒரே மாதிரி போடுவதுதான் முக்கியம். ஒரு நாள் வெறும் வயிறு, மறுநாள் காபியோடு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் என்று மாறிக்கொண்டே இருந்தால் எந்த டெஸ்ட்டும் உண்மையைச் சொல்லாது.

"மத்த மாத்திரைகளோட சேர்த்துப் போடலாமா? நான் எல்லாத்தையும் காலையில ஒண்ணா முழுங்கிடறேன்."

என் கதையைச் சொல்கிறேன். முதல் ஆண்டில் ரத்தசோகை இருக்கிறது என்று இரும்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் இரண்டையும் உள்ளங்கையில் வைப்பேன்: சட்டைப் பொத்தானில் பாதி அளவுக்கு வெள்ளையாக ஒன்று, அடர்சிவப்பில் பெரிதாக ஒன்று. ஒரே மடக்கில் விழுங்குவேன். 50 போதவில்லை என்று 75 ஆக்கினார்கள், 75 போதவில்லை என்று 100. டி.எஸ்.எச். மட்டும் 9-ஐ விட்டு அசையவில்லை. வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்த ஒரு மருந்தாளுநர்தான், "இந்த ரெண்டையும் எப்போ போடறீங்க?" என்று கேட்டார். இரும்பை இரவுக்கு மாற்றினேன். அடுத்த டெஸ்ட்டில் டி.எஸ்.எச். 0.2-க்கு இறங்கியிருந்தது. முழுதாக உறிஞ்சத் தொடங்கியதும் 100 எனக்கு அதிகமாகிவிட்டது; மறுபடி 75-க்குக் குறைத்தார்கள். எட்டு மாதம் இப்படியே வீணாகப் போனது.

இரும்பு, கால்சியம், அமிலம் குறைக்கும் சாக்பீஸ் போன்ற மாத்திரைகள், இவை அடங்கிய சத்து மாத்திரைகள் ஆகியவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி கட்டாயம் வேண்டும். ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளை எந்த நேரத்தில் போட்டாலும் வயிற்றின் அமிலத்தைக் குறைத்து உறிஞ்சுதலைப் பாதிக்கலாம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை தைராக்ஸின் தேவையையே கூட்டக்கூடியவை. இவற்றில் எதையாவது புதிதாகத் தொடங்கினாலோ நிறுத்தினாலோ தைராய்டு டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

"எனக்குக் காலையில வேலைக்கு ஓடவே நேரம் சரியா இருக்கு. ராத்திரி போடலாமா?"

தாராளமாக. கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருந்தால், படுக்கப்போகும்போது போடுவதும் நன்றாகவே வேலை செய்கிறது. இரவில் இரும்போ கால்சியமோ போடுகிறவர்கள் அதைப் பகலுக்கு மாற்ற வேண்டும். நேரத்தை மாற்றுவதும் ஒரு மாற்றம்தான். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

"ஒரு நாள் மறந்துட்டேன். அவ்வளவுதானா?"

ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன தொட்டியில் ஒரு வாரத்துக்கும் மேலான சரக்கு எப்போதும் இருக்கும். அன்றைக்கே நினைவு வந்தால், வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் வழக்கமான மாத்திரையைத் தொடருங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மறந்துபோகிறது என்றால் அது வேறு விஷயம். அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 75 போதவில்லை என்று நினைத்து 100 எழுதுவார். கிழமை எழுதிய மாத்திரை டப்பா ஒன்று வாங்கி வைத்தால் "இன்னிக்குப் போட்டேனா இல்லையா" என்ற குழப்பமே இருக்காது.

"மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான் முடி இன்னும் கொட்டுது. மாத்திரையாலயா?"

பெரும்பாலும் இல்லை. தைராய்டு குறைந்திருந்த காலத்தில் ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போயிருக்கும். அப்படிப் போன முடி உடனே உதிராது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும். இன்று சீப்பில் வருவது மூன்று மாதத்துக்கு முந்தைய பாதிப்பு. அளவு நிலைபெற்றுச் சில மாதம் ஆனால் நெற்றி ஓரத்தில் குட்டை முடிகள் முளைப்பதைப் பார்க்கலாம். எனக்கு ஐந்தாவது மாதம் கண்ணாடியில் அவற்றைப் பார்த்தபோதுதான் நம்பிக்கையே வந்தது.

ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். மருந்து அளவு தேவைக்கு மேல் போனாலும் முடி கொட்டும்.

"எடை குறையவே மாட்டேங்குதே. அளவைக் கூட்டினா குறையுமா?"

கசப்பான பதில்தான். தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ வரைதான், அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். சிகிச்சை சரியானால் அது இறங்கும். அதற்கு மேல் உள்ள எடைக்கு உணவு, அசைவு, தூக்கம், வயது என்று வேறு காரணங்கள் இருக்கும். எடைக்காக அளவைக் கூட்டினால் தசையும் எலும்பும் கரையும், இதயம் தாளம் தப்பும். அதைக் கேட்கவே வேண்டாம்.

"டெஸ்ட் அன்னிக்குக் காலையில மாத்திரை போட்டுட்டுப் போகலாமா?"

ரத்தம் கொடுத்துவிட்டு வந்து போடுவது நல்லது. மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் டி4 தற்காலிகமாக ஏறி நிற்கும். டி.எஸ்.எச். அப்படிச் சட்டென்று மாறாது, ஆனால் இரவிலும் விடியலிலும் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். போன முறை காலை 8 மணி, இந்த முறை மாலை 4 மணி என்று கொடுத்தால் ஒப்பிட முடியாது. முடிந்தவரை ஒரே ஆய்வகம், ஒரே நேரம்.

முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? அதிக அளவு பயோட்டின் சில ஆய்வக முறைகளைக் குழப்பி, டி.எஸ்.எச். குறைவு, டி4 அதிகம் என்று பொய்யாகக் காட்டும். உடம்பு தைராய்டு இல்லாமல் தவித்துக்கொண்டிருக்க, மருந்து அதிகமாகிவிட்டது என்று அளவைக் குறைத்துவிடுவார்கள். டெஸ்ட்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்துங்கள். காய்ச்சல், அறுவை சிகிச்சை என்று உடம்பு பெரிதாக அடிபட்டிருந்தாலும் தேறிய பிறகு எடுப்பதே நல்லது.

"அளவு கூட்டினதும் நெஞ்சு படபடன்னு அடிக்குது. இது பழகிடுமா?"

மந்தமாக ஓடிப் பழகிய உடம்பு வேகம் பிடிக்கும்போது சிலருக்குச் சில நாள் அப்படித் தோன்றும். ஆனால் பழகிவிடும் என்று தானாக முடிவு செய்யாதீர்கள். உட்கார்ந்து ஓய்வாக இருக்கும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள், எழுதி வையுங்கள். கை நடுக்கம், தூக்கமின்மை, அடிக்கடி மலம் போவது, காரணமில்லாத பதற்றம், அதிக வியர்வை ஆகியவை சேர்ந்திருந்தால் அளவு கூடிவிட்டது என்பதற்கான அறிகுறி. டாக்டரைக் கூப்பிடுங்கள், ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நாடி தாறுமாறாக ஓடுவது என்றால் உடனே மருத்துவமனை.

தொல்லை எதுவும் தெரியாமலேயே டி.எஸ்.எச். பல ஆண்டுகள் மிகக் குறைவாக இருப்பதும் ஆபத்துதான். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும் எலும்பு தேய்வதும் அதனால் வரலாம், வயதானவர்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் குறிப்பாக.

"ரிப்போர்ட் நார்மல்னு சொல்றாங்க. எனக்கு மட்டும் களைப்பு அப்படியே இருக்கு. எல்லாம் மனப்பிரமையா?"

இல்லை. என்னிடம் வரும் போன்களில் பாதி இதுதான், சிலர் அழுதுகொண்டே பேசுவார்கள். டி.எஸ்.எச். சரியான பிறகும் 100 பேரில் 5 முதல் 10 பேருக்குக் களைப்பும் மந்தமும் நீடிப்பதாக மருத்துவ உலகம் ஒப்புக்கொள்கிறது. உங்கள் உடம்பு சொல்வதை நம்புங்கள். ஆனால் காரணம் தைராய்டுதான் என்று மட்டும் பிடிவாதமாக இருக்காதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது காலம். நார்மல் என்று வந்து எத்தனை நாள் ஆகிறது? ஒரு மாதம்தான் என்றால் மேலே சொன்ன வரிசைப்படி இன்னும் நேரம் இருக்கிறது. மூன்று முதல் ஆறு மாதம் எண் நிலையாக இருந்தும் களைப்பு போகவில்லை என்றால் அடுத்தபடியாக, தைராய்டோடு சேர்ந்து இருக்கும் வேறு நோய்களைத் தேட வேண்டும். ஹாஷிமோட்டோ பல நேரம் தனியாக வராது. வயிற்றின் உட்சுவரையே எதிர்ப்பு சக்தி தாக்கினால் பி12 குறையும். களைப்பு, மறதி, கைகால் மரத்தல் என்று அச்சு அசலாகத் தைராய்டு மாதிரியே இருக்கும். கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில் இரும்பும் சேராது, தைராய்டு மருந்தும் சேராது. ஹீமோகுளோபின் நார்மலாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருப்பவர்கள் உண்டு. வைட்டமின் டி, சர்க்கரை, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள், மன அழுத்த நோய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மன அழுத்த நோய் என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அதுவும் சிகிச்சை உள்ள ஒரு நோய், உங்கள் களைப்பு பொய் என்று யாரும் சொல்லவில்லை.

என் அண்ணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு முறை டெஸ்ட் நார்மல். ஆனாலும் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவார். மாத்திரையைக் கூட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் அண்ணன்தான் பேச்சுவாக்கில் சொன்னார்: "ராத்திரி குறட்டை விட்டுக்கிட்டே இருப்பா, திடீர்னு சத்தம் நின்னுடும், அப்புறம் மூச்சு முட்டின மாதிரி எழுந்திருப்பா." தூக்கப் பரிசோதனையில் தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் என்று தெரிந்தது. அதற்கு இரவில் முகமூடிக் கருவி மாட்டத் தொடங்கிய சில வாரத்தில் பகல் தூக்கம் போய்விட்டது. தைராய்டு மாத்திரை அதே அளவில்தான் இருக்கிறது.

அபூர்வமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தவறவிட்டால் ஆபத்து என்பதால். தைராய்டு மாத்திரை தொடங்கிய பிறகு உடம்பு இன்னும் மோசமானால், அதோடு எடை இறங்கி, எழுந்தால் தலைசுற்றி, உப்பு மேல் ஆசை வந்து, தோல் கருத்தால், சிறுநீரகங்களுக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் சுரப்பு குறைவா என்று உடனே பார்க்க வேண்டும். அந்தக் குறைவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்த பிறகுதான் தைராக்ஸின் தர வேண்டும்.

"எனக்கு டி.எஸ்.எச். 4.1. நார்மலுக்குள்ளதான். இன்னும் கொஞ்சம் குறைச்சா நல்லாயிருக்குமா?"

கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மாத்திரை போடுகிறவருக்கு எண் மேல் எல்லையை ஒட்டி நிற்கிறது, தொல்லையும் இருக்கிறது என்றால் பல டாக்டர்கள் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் கூட்டி எல்லையின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து பார்ப்பார்கள். இளம் வயதில் இது சாதாரணம். 75 வயதுக்காரருக்கு 4.1 என்பது அவர் வயதுக்கு ஏற்ற எண்ணாகவே இருக்கலாம், அங்கே கூட்டுவது நெஞ்சுக்குக் கெடுதல். ஏற்கெனவே 1.5-இல் இருப்பவர் 0.5-க்குப் போனால் களைப்பு தீரும் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை.

"டி3 மாத்திரை சேர்த்தா நல்லாயிடும்னு சொல்றாங்களே?"

நாம் போடும் டி4-ஐ உடம்பு தேவைக்கேற்ப டி3 ஆக மாற்றிக்கொள்கிறது. சிலருக்கு அந்த மாற்றம் போதவில்லையோ என்ற எண்ணத்தில் லியோதைரோனின் என்ற டி3 மாத்திரையைச் சேர்த்துப் பல ஆய்வுகள் நடந்தன. மொத்தமாகப் பார்த்தால் பெரும்பாலான ஆய்வுகளில் டி4 மட்டும் போட்டவர்களைவிட அவர்கள் தேறிவிடவில்லை. ஆனாலும் சேர்த்துப் போட்டதுதான் பிடித்திருந்தது என்று சொன்னவர்கள் உண்டு. அதனால் மற்ற காரணங்களை எல்லாம் பார்த்து முடித்த பிறகு, எண்டோகிரைனாலஜிஸ்ட் என்ற ஹார்மோன் நோய் நிபுணரின் கண்காணிப்பில் சில மாதம் முயன்று பார்க்கலாம், பலன் இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்பது ஒரு நியாயமான வழி. கர்ப்பிணிகளுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

"செயற்கை மாத்திரையைவிட இயற்கையான தைராய்டுப் பொடி நல்லதாமே?"

தொடக்கத்தில் அதுதான் மருந்தே. 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரி என்ற மருத்துவர் ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார்; தைராய்டு குறைவு முற்றியிருந்த அவர் அதன்பின் 28 ஆண்டு வாழ்ந்தார். இன்றும் பன்றித் தைராய்டை உலர்த்திய மாத்திரை கிடைக்கிறது. ஆனால் மனிதத் தைராய்டு டி4, டி3 இரண்டையும் ஏறக்குறைய 14-க்கு 1 என்ற விகிதத்தில் சுரக்க, பன்றித் தைராய்டில் அது 4-க்கு 1. போட்டதும் டி3 குதித்து ஏறும், பிறகு இறங்கும். நம் உடம்புக்கு அது இயற்கை இல்லை. லெவோதைராக்ஸின் ஆய்வகத்தில் செய்யப்பட்டாலும் நம் சுரப்பி சுரக்கும் அதே மூலக்கூறுதான். கடற்பாசி, அயோடின் சொட்டு என்று விற்பவற்றையும் ஒதுக்குங்கள். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அதிக அயோடின் நிலைமையை மோசமாக்கலாம்.

"கடையில வேற கம்பெனி மாத்திரை கொடுத்தாங்க. அதே 75தான். பரவாயில்லையா?"

பலருக்கு ஒன்றும் தெரியாது, சிலருக்கு எண் நகரும். முடிந்தவரை ஒரே கம்பெனியிலேயே இருங்கள். மாற வேண்டியிருந்தால் மாறிய தேதியைக் குறித்துக்கொண்டு 6 முதல் 8 வாரத்தில் டெஸ்ட் எடுங்கள். மாத்திரையை வெயில் படும் ஜன்னலோரத்திலும் குளியலறையிலும் வைக்காதீர்கள், சூடும் ஈரமும் அதன் வீரியத்தைக் குறைக்கும்.

"குழந்தைக்கு முயற்சி பண்றோம். இப்போ என்ன செய்யணும்?"

இங்கே மட்டும் பொறுமை கூடாது. கர்ப்பம் உறுதியான அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். தொடக்க வாரங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸின்தான் ஆதாரம். மருந்துத் தேவை 25 முதல் 50 சதவீதம் வரை கூடும். பல டாக்டர்கள் முன்கூட்டியே, "டெஸ்ட் பாசிட்டிவ் வந்ததும் வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டு என்னை வந்து பார்" என்று சொல்லி வைப்பார்கள். உங்கள் டாக்டர் என்ன சொல்கிறார் என்பதை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். பாதிக் கர்ப்பம் வரை சுமார் 4 வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட். பிரசவம் ஆனதும் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டு, 6 வாரம் கழித்துப் பார்ப்பார்கள். கர்ப்ப காலத்தில் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு என் உள்ளங்கைக் கதையை நினைவில் வையுங்கள்.

"டாக்டர் அஞ்சு நிமிஷம்தான் பார்க்கிறார். என்ன சொல்றதுன்னே தெரியலை."

ஒரு சின்ன நோட்டு போதும். மாதிரிக்கு, நடுவில் சில வாரங்களை விட்டு, ஒரு பக்கம்: "மார்ச் 3, அளவு 50-இலிருந்து 75. களைப்பு பத்துக்கு 7. நாடி 58. மூன்று நாளுக்கு ஒருமுறை மலம். மார்ச் 24, களைப்பு 5. நாடி 64. மாடிப்படியில் நிற்காமல் ஏறினேன். ஏப்ரல் 20, களைப்பு 4. முடி இன்னும் கொட்டுகிறது. டி.எஸ்.எச். 3.1." வாரம் ஒருமுறை, இரண்டு வரி. தினமும் எழுதினால் ஒவ்வொரு கெட்ட நாளும் பெரிதாகத் தெரியும்.

இதைக் காட்டினால் டாக்டருக்கு ஒரு பார்வையில் எல்லாம் புரியும். போடும் மற்ற மாத்திரைகளின் பெயரையும் நேரத்தையும் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு விஷயத்தை மாற்றாதீர்கள். அளவையும் கூட்டி, நேரத்தையும் மாற்றி, புதிதாகச் சத்து மாத்திரையும் தொடங்கினால் எதனால் என்ன ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது.

"எப்போ அவசரம்னு நினைக்கணும்?"

நெஞ்சு பற்றி முன்பே சொல்லிவிட்டேன். இன்னொன்று, அபூர்வம் என்றாலும் உயிருக்கு ஆபத்தானது: பல காலம் சிகிச்சை இல்லாதவர், அல்லது மாத்திரையை நிறுத்தியவர், ஏதோ ஒரு தொற்றோ கடும் குளிரோ தாக்கியபின் எழுப்ப எழுப்ப எழாமல் மயங்கிக் கிடந்தால், பேச்சு குழறினால், உடம்பு சில்லிட்டு மூச்சு மெதுவானால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

"இப்போ நல்லாயிருக்கேன். நிறுத்திப் பார்த்தேன், ஒரு மாசமா ஒண்ணும் ஆகலை. அப்போ குணமாயிடுச்சுதானே?"

தொட்டியை நினைத்துப் பாருங்கள். நிறுத்தினாலும் பழைய சரக்கு சில வாரம் ஓடும். அந்த ஒரு மாத நிம்மதி நீங்கள் ஏற்கெனவே போட்ட மாத்திரை தந்தது. பிறகு குரல் ஓங்கத் தொடங்கும், தொல்லைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும், மீண்டும் தொடங்கினால் முதல் ஆறு மாதத்தை மறுபடி கடக்க வேண்டியிருக்கும்.

பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு வீக்கம், மருந்தால் வந்த குறைவு, எல்லையை லேசாகத் தாண்டியதற்குத் தொடங்கிய மாத்திரை என்று சிலருக்கு நிறுத்த முடிவதும் உண்டு. உங்களுடையது அந்த வகையா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால் அவரே அளவைக் குறைத்து, தேதி குறித்து, 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பார்ப்பார். நீங்கள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இந்த வாரமே போய் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.